முன்னூற்றுப் பன்னிரண்டாவது கையெழுத்து

பந்து கோட்டைத் தாண்டவில்லை. பத்தொன்பது வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் கேட்டவர்களிடம் சொன்னேன். சர்ச் வாசலில் கேட்டவர்களிடம் சொன்னேன். என் மகள் கல்யாணத்தில், பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு, "ஏனுங்க, அன்னைக்கு உடுமலையில அந்தப் பந்து நெசமாலுமே தாண்டலீங்களா?" என்று சம்பந்தி கேட்டார். அவரிடமும் சொன்னேன். ரசம் வரும் வரை சொன்னேன்.

என் பெயர் டேனியல். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 1996 முதல் 2005 வரை மண்ணரை நண்பர்கள் கால்பந்துக் குழுவின் கோல் கீப்பர். அந்த ஒன்பது வருடத்தில் முன்னூற்றுப் பதினோரு கோல் விட்டிருக்கிறேன். இது நான் எண்ணியது அல்ல, ராக்கையா எண்ணியது. அவன் எழுதியதில் தப்பு இருக்காது. என் கஷ்டமே அதுதான்.

முதலில் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்ததாகச் சொல்லக்கூடாது. உலகத்துக்கெல்லாம் ஜெர்சி தைத்து அனுப்புகிற ஊரில், பதினோரு பேருக்கும் ஒரே கலரில் சட்டை இல்லாத குழு எங்களுடையது. ஷிப்மென்ட்டில் கழிந்த பீஸ்தான் எங்கள் சட்டை. 1999-இல் ஒரே ஒரு சீசன் எல்லோருக்கும் நீலம் கிடைத்தது. முதுகில் ஏதோ ஒரு நாட்டு மீன் கம்பெனியின் பெயர் இருந்தது. அந்த வருடம் எதிரணிக்காரர்கள் எங்களை மீன்காரர்கள் என்று கூப்பிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வருடம் கொஞ்சம் நன்றாகவே ஆடினோம்.

ராக்கையா பரமக்குடிப் பக்கத்துக்காரன். மண்ணரையில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குத் தனியாளாக வந்தவன். பொண்டாட்டியும் கைக்குழந்தையும் ஊரில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதென்று தெரியாமல் எங்கள் கிரவுண்டுக்கு வந்து நின்றான். அடுத்த ஞாயிறும் வந்தான். "போன வாரத்து ஆட்டம் எத்தனைக்கு எத்தனை அப்பு?" என்று கேட்டான். பதினோரு பேர் சேர்ந்து நாலு பதில் சொன்னோம். அவன் முகம் கோணிவிட்டது. மூன்றாவது ஞாயிறு லாங் சைஸ் நோட்டு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தான். சாகும் வரை அந்தக் கக்கம் காலியாக இருந்து நான் பார்க்கவில்லை. வருடத்துக்கு ஒரு நோட்டு, மொத்தம் இருபத்தெட்டு நோட்டு.

அவன் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. ஒரு முறை வெளியே உருண்டு வந்த பந்தைக் கையால் எடுத்துக் கொடுத்தான். அதையும் எழுதி வைத்தான்.

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. பீஸில் தையல் விட்டிருந்தாலோ ஓட்டை இருந்தாலோ அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தைத்த டெய்லரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவர் ஒப்புக்கொண்டால் பீஸ் நகரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் பாலிபேக்கில் போட்டு, டேப் ஒட்டி, மேலே 'ஹோல்ட்' என்று எழுதித் தனியாக வைத்துவிடுவார்கள். ராக்கையா இந்த வழக்கத்தை அப்படியே கால்பந்துக்குள் கொண்டுவந்தான். எங்களுக்கு விழுந்த ஒவ்வொரு கோலுக்கும் 'தவறு' என்று ஒரு வரி எழுதுவான். யார் தவறோ அந்தப் பெயரைக் காட்டி அம்பு ஒட்டுவான். அதற்குக் கீழே, கிட்டத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில், கீப்பர் கையெழுத்துப் போட வேண்டும். வேறு எந்த நாட்டு கீப்பருக்கும் இந்தத் தலைவிதி கிடையாது. கோலும் விட்டு, அதற்குக் கையெழுத்தும் போட்டவன் நான் ஒருத்தன்தான்.

ஒன்றிரண்டைச் சொல்கிறேன். "8-11-1998. எதிரணி வீரபாண்டி. முடிவு 0-6. பார்வையாளர் நான்கு பேர், அதில் இருவர் பஸ்ஸுக்கு நின்றவர்கள். நான்காவது கோல், தவறு: அருள்செல்வன், ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது கோல், தவறு: அருள்செல்வன், அடுத்த ஷூ." இன்னொன்று: "12-3-2000. இரண்டாம் பாதியில் நாய் உள்ளே வந்தது. ஆட்டம் மூன்று நிமிடம் நின்றது. நாய் நல்ல வேகம்."

ஆட்டம் முடிந்ததும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எழுதியதைச் சத்தமாகப் படிப்பான். அவன் குரல் சாதாரணக் குரல் இல்லை. தையல் மிஷின் நூறு ஓடுகிற ஹாலில் டெய்லரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். நாங்கள் திட்டுவோம், நோட்டைப் பிடுங்கப் போவோம், 'உன்னை யாருய்யா கூப்பிட்டது' என்போம். ஆனால் அடுத்த ஞாயிறு அவன் வர ஐந்து நிமிடம் தாமதமானால் ஆட்டத்தை ஆரம்பிக்க மாட்டோம்.

2005-இல் நாங்கள் ஒரு இறுதிப் போட்டிக்குப் போனோம். எப்படிப் போனோம் என்று கேட்காதீர்கள், இரண்டு குழு வரவில்லை. உடுமலையில் ஆட்டம். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. அறுபத்தாறு நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. அறுபத்தேழாவது நிமிடம் அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் தூரத்திலிருந்து ஒரு அடி அடித்தான். பந்து வந்தது. நான் பிடித்தேன். ரெஃப்ரி கோல் என்றார். நான் தாண்டவில்லை என்றேன். அவர் விசில் ஊதினார். தோற்றோம். எங்கள் வரலாற்றில் அந்த ஒரே ஒரு ஃபைனல்தான்.

திரும்பி வரும் வேனில் எங்கள் கேப்டன் சின்னான் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றான். கோபம் வந்தால் அவன் மனுஷனே இல்லை. முந்தின வருடம் ஒரு ரெஃப்ரியின் சைக்கிளைத் தூக்கி நொய்யல் ஆற்றில் போட்டவன். "எவனால இது போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுதுன்னா, அவங் காலு ரெண்டையும் ஒடிச்சுப் போடுவேன். அப்பறம் கிரவுண்டுப் பக்கம் தலை வெக்கப்படாது" என்றான். ராக்கையா கடைசி சீட்டில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அவன் கையெழுத்து வாங்க வந்தான். நான் போடவில்லை. இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கருப்பு பாலிபேக்கில் நுழைத்து, டேப் ஒட்டி, 'ஹோல்ட்' என்று எழுதி நோட்டிலேயே வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. நான் அந்த ஃபைனலோடு கீப்பர் வேலையை விட்டுவிட்டேன், யுவன் என்று ஒரு பையன் வந்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. கோல் போஸ்ட்டின் இடது கம்பத்தருகே ராக்கையா நோட்டோடு நிற்பான். வலது கம்பத்தருகே நான் கை கட்டி நிற்பேன். நடுவில் இருபத்து நாலு அடி. இப்படியே பத்தொன்பது வருடம் ஓடியது.

போன சித்திரையில் அவன் செத்துப்போனான். கிட்னி. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தான். நான் மூன்று தரம் பார்க்கப் போனேன். மூன்று தரமும் வாசல் வரைதான் போனேன். 'போய் என்ன பேசுவது' என்று திரும்பிவிட்டேன். வாங்கிய சாத்துக்குடியை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நானே தின்றேன். மூன்றாவது தரம் வாங்கியது புளிப்பு.

கருமாதி முடிந்து இரண்டு மாதம் கழித்து ஜெயபாண்டி என் வீட்டுக்கு வந்தான். அவன் இப்போது குழுவின் செயலாளர், அருப்புக்கோட்டைக்காரன், அந்த நாளில் நடு ஆட்டக்காரன். ராக்கையா நினைவுக்கு ஒரு டோர்னமென்ட், அன்றைக்கே இருபத்தெட்டு நோட்டையும் புத்தகமாகப் போட்டு வெளியீடு. எல்லாம் டைப் அடித்து முடித்தாயிற்றாம். ஒரே ஒரு பக்கம் தவிர.

"அனுசுயா பிரிக்க விட மாட்டேங்கிதுண்ணே," என்றான். அனுசுயா ராக்கையாவின் மகள். "அப்பா சாகறப்ப சொல்லிட்டுப் போனாகளாம், என்னைக்காவது நோட்டை அச்சடிச்சா டேனியல் கையெழுத்துப் போடாம அச்சடிக்கக் கூடாதுன்னு. ஒரு பக்கத்தை விட்டுட்டுப் போட்டுக்குவோம்னு சொன்னேன். கதவைச் சாத்திட்டுப் போயிருச்சு. ஒத்தக் கையெழுத்துண்ணே. அதுக்குப் போயி இம்புட்டு அடம் பிடிக்கிறீக."

"பந்து தாண்டல," என்றேன்.

"தாண்டலண்ணே, தாண்டவே இல்ல, சாமி சத்தியமாத் தாண்டல. கையெழுத்தப் போடுங்க."

"தாண்டலைன்னு நோட்டுல எழுதச் சொல்லு, போடறேன்."

"எழுதுன ஆளு செத்துப் போயிட்டாருண்ணே."

"அப்பொ நானு என்ன பண்றது?"

அவன் காபியைக் குடிக்காமல் எழுந்து போனான். என் வீட்டுக்காரி கோமளா சமையல்கட்டிலிருந்து வந்து, "அந்த மனுசன் இருபத்தெட்டு வருசம் எழுதுனதை நீங்க ஒரு ஆளா நின்னு கெடுக்கறீங்க, வேற ஒண்ணுமில்லை" என்றாள். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

மறுவாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அனுசுயா என் கம்பெனிக்கே வந்துவிட்டாள். நான் கட்டிங் டேபிளில் துணி அடுக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் இப்போது செக்கிங்தான், ஒரு பெரிய கம்பெனியில் க்யூசி. அப்பனைப் போலவே பார்வை. உள்ளே வந்ததும் முதலில் என் துணி அடுக்கின் ஓரத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். கையில் அந்த வருடத்து நோட்டு.

"மாமா, உங்க மேல எனக்கு ரொம்பக் கோவமுங்க."

"இருக்கட்டும் கண்ணு. உக்காரு."

அவள் உட்காரவில்லை. "கடைசி வாரம் அப்பாவுக்கு நெனவு தப்பிப்போச்சுங்க. அப்பப்ப ரெண்டே பேரைத்தான் பேர் சொல்லிக் கேட்டாருங்க. ஒண்ணு எங்கம்மா. அம்மா செத்து ஆறு வருசமாச்சு. இன்னொண்ணு நீங்க. நீங்க உசுரோடதான மாமா இருந்தீங்க?"

கையிலிருந்த ஸ்கேலைக் கீழே வைத்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்த கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சாத்துக்குடி தின்றதையும் சொல்ல வேண்டிவரும். விட்டுவிட்டேன்.

"அதைக் கிழிச்சுப் போட்டுரு கண்ணு," என்றேன். "அந்த ஒத்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுட்டு பொஸ்தகத்தைப் போடு. நானே முன்ன நின்னு நடத்தித் தாறேன்."

"அப்படி என்னங்க இருக்குது இதுல?"

"ஒண்ணுமில்ல. பந்து தாண்டல, உங்கப்பன் தாண்டுச்சுன்னு எழுதி வெச்சிருக்கறான். அவ்வளவுதான்."

அவள் என் டேபிளிலிருந்த கட்டரை எடுத்தாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் டேப்பை அறுத்துவிட்டாள். முப்பது வருடமாகக் கத்தி பிடித்த கை என்னுடையது, ஆனாலும் அவள் கை வேகம். பாலிபேக்கிலிருந்து பக்கத்தை உருவி, நின்றபடியே சத்தமாகப் படித்தாள்.

"31-7-2005. உடுமலை. இறுதிப் போட்டி. முடிவு 0-1. காற்று பலம். அறுபத்தேழாவது நிமிடம். கோல் போட்டவர்: கன்னையன், ஒன்பதாம் எண். பந்து கோட்டைத் தாண்டி ஒரு முழம் உள்ளே போனது. தவறு: ராக்கையா. பந்து வரும்போது குறிப்பு எழுதுபவர் கீப்பரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒன்பதாம் எண்ணின் பெயரைக் கேட்டார். கீப்பர் திரும்பிப் பதில் சொன்னார். கீப்பர் மேல் தவறு இல்லை."

சிவப்பு அம்பு அவன் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தது. கீழே 'கீப்பர் கையெழுத்து' என்று எழுதி, ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் காலியாக விட்டிருந்தான்.

ஆமாம். பந்து தாண்டியது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? கன்னையன் எங்கள் கம்பெனியில் ஆறு மாதம் ஹெல்ப்பராக இருந்தவன். அது ராக்கையாவுக்குத் தெரியும், பெயர்தான் மறந்துவிட்டது. பெயர் இல்லாமல் எழுதினால் அவனுக்குத் தூக்கம் வராது. கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "டேனியலு! அந்த ஒம்போதாம் நம்பரு பேரு என்னப்பு?" என்றான். நான் திரும்பி "கன்னையன்" என்றேன். சொல்லி முடித்து முகத்தைத் திருப்பினால் பந்து எனக்குப் பின்னால் இருந்தது. பாய்ந்து இழுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு தாண்டவில்லை என்று கத்தினேன். பந்து தாண்டாவிட்டால் கோல் இல்லை. கோல் இல்லாவிட்டால் எவனால் போச்சு என்று யாரும் கேட்க முடியாது. அந்த ஒரு நொடியில் எனக்கு அவ்வளவுதான் தோன்றியது. என்னைத் திட்டினால் நான் திருப்பித் திட்டுவேன், உள்ளூர்க்காரன், எனக்கு அண்ணன் தம்பி இருக்கிறார்கள். அவனுக்கு இந்த ஊரில் யார் இருந்தார்கள்? பொண்டாட்டியும் பிள்ளையும் அப்போதும் பரமக்குடிப் பக்கம்தான். எங்களைத் தவிர ஒரு நாதி கிடையாது. சின்னான் அவனைக் கிரவுண்டை விட்டுத் துரத்தியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கே போய் நின்றிருப்பான்?

மறுநாள் இதே மாதிரி ஒரு கட்டிங் டேபிளுக்குத்தான் நோட்டோடு வந்தான். "எழுதிட்டேன் டேனியலு. எந் தப்புதான். கையெழுத்துப் போடு" என்றான். கிழித்துப் போடு என்றேன். "கிழிக்க மாட்டேன்" என்றான். "அப்பொ நானும் போடமாட்டேன்" என்றேன். "அருள்செல்வன் ஷூ லேசு கட்டுனதுக்கு ஸ்டிக்கர் ஒட்டுனேன். எனக்கு ஒட்டாம விட்டா நான் என்ன மனுசன்?" என்றான். "மனுசனா இருந்து காலு ஒடிஞ்சு கெடக்கப் போறியாக்கும்" என்றேன். அவன் குரல் உயர்ந்தது. என் குரலும் உயர்ந்தது. "நீ கையெழுத்துப் போடற வரைக்கும் உங்கூடப் பேசமாட்டேன்" என்றான். "பேசாத போ" என்றேன். எனக்குத் தெரிந்து உலகத்தில் எல்லாச் சண்டையும் தன் மேல் தப்பில்லை என்று சொல்லித்தான் நடக்கும். எங்கள் சண்டை அப்படி இல்லை. அதனால்தானோ என்னவோ தீரவும் இல்லை.

இதையெல்லாம் அனுசுயாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ரெண்டு பேருக்கும் மூளையே இல்லீங்களா மாமா?" என்றாள்.

"இருந்திருந்தா கால்பந்து ஆடியிருப்பமா?"

"சிரிப்புக் காட்டாதீங்க. கையெழுத்துப் போடுங்க."

"ஏன் கண்ணு, யோசிச்சுப் பாரு. ஊரே கூடி உங்கப்பனுக்கு மாலை போடற அன்னைக்கு, அந்த ஒத்த ஃபைனலும் இவனாலதான் போச்சுன்னு அச்சடிச்சுக் குடுக்கறதா? சின்னான் வருவான். எல்லாத்துக்கும் முன்னால எந்திரிச்சு நின்னு ஒரு வார்த்தை சொன்னான்னா அப்பறம் அள்ள முடியாது."

"அப்பா தம்பேர்ல ஒட்டுன ஸ்டிக்கர நான் எடுக்க மாட்டேனுங்க. நானும் செக்கிங்தானுங்க." பேனாவை நீட்டினாள். "பத்தொம்பது வருசம் உங்ககிட்ட அவர் கேட்டது இது ஒண்ணுதானுங்களே."

போட்டேன். முன்னூற்றுப் பன்னிரண்டாவது கையெழுத்து. பழைய கையெழுத்து மாதிரி வரவில்லை, டேனியலில் கொம்பு கோணிவிட்டது. அவள் அதை உற்றுப் பார்த்து, சரி என்று தலையாட்டி, இன்னொரு குண்டையும் போட்டாள். விழாவில் இந்தப் பக்கத்தை நானே மைக்கில் படிக்க வேண்டுமாம். பார்த்த சாட்சி நான்தானாம். மாட்டேன் என்றேன். அப்பனைப் போலவே நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள். சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடித்தார்கள். சரி என்றேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, மண்ணரை கிரவுண்டில். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். எங்கள் ஆட்டத்துக்கு ஒரு நாளும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. மேடையில் பெரிய ஃப்ளெக்ஸ். ராக்கையா நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிற போட்டோ, அவனுக்கு வேறு போட்டோவே இல்லை. அதனால் மாலையை அவன் உச்சந்தலைக்குப் போட்ட மாதிரி இருந்தது. விளையாட வந்த எட்டு குழுவுக்கும் அவன் முகம் போட்ட டி-ஷர்ட் கொடுத்தார்கள். அனுசுயா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து நாலைத் தள்ளி வைத்தாள்.

ஜெயபாண்டி பேசினான். கவுன்சிலர் பேசினார், அவர் கடைசி வரை கைப்பந்து என்றே சொன்னார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் வரிசையில் சின்னான் உட்கார்ந்திருந்தான். இப்போது சர்க்கரை வந்து ஆள் பாதியாகிவிட்டான், கையில் தடி. ஆனாலும் தடி தடிதானே. அது எட்டாத தூரத்துக்குத் தள்ளி நின்று மைக்கைப் பிடித்தேன். முன்னூற்றுப் பதினோரு கோல் விட்டபோதும் யாருக்கும் இப்படித் தள்ளி நின்றதில்லை.

படித்தேன். தேதி, காற்று, கன்னையன், ஒரு முழம். 'தவறு: ராக்கையா' என்ற வரியையும் விடாமல் படித்தேன். கீப்பர் மேல் தவறு இல்லை என்பதையும் படித்தேன். பிறகு என் வாயாலேயே சொன்னேன். "நடந்தது இதுதானுங்க. பந்து தாண்டலைன்னு நாஞ் சொன்னது பொய்யிங்க. அவனை நீங்க வெறுத்துப் போடுவீங்கன்னு பயந்துட்டு சொன்னேன். உதைக்கறதுன்னா இப்ப என்னைய உதைங்க, அவன் போய்ச் சேந்துட்டான்."

யாரும் அதிர்ச்சி ஆகவில்லை. அருள்செல்வன் காதைச் சொறிந்தான். ஜெயபாண்டி ஸ்பீக்கர் வயரைப் பார்த்தான். சின்னான் தடியை ஊன்றி எழுந்தான்.

"ஏன்டா டேனியலு," என்றான், "நாங்கெல்லாம் என்ன செவிடா?"

எனக்குப் புரியவில்லை.

"அவன் போட்ட சத்தம் நடுக் கிரவுண்டுல நின்ன எனக்கே கேட்டுதுடா. டேனியலு, ஒம்போதாம் நம்பரு பேரு என்னன்னான். நீ திரும்பி, கன்னையன்னு சொன்னே. நான் பாத்துட்டுத்தானே நின்னேன்."

"எனக்கும் கேட்டுதுங்க," என்றான் அருள்செல்வன்.

"வேன் டிரைவருக்கே கேட்டுருச்சுண்ணே," என்றான் ஜெயபாண்டி. "வர்ற வழியில டீக்கு நிறுத்துனப்ப எங்ககிட்டச் சொல்லிச் சிரிச்சாரு."

"அப்பொ வேன்ல, காலை ஒடிப்பேன்னு நின்னுட்டு வந்தீங்களே?" என் குரல் மைக்கில் கிறீச்சிட்டது.

"தோத்துட்டு வாற கேப்டன் பின்ன பாட்டா பாடுவான்? அவனை ரெண்டு நாளைக்குக் கேலி பண்ணி ஓட்டலாம்னு இருந்தோம். நீதான் மறுநாள்ல இருந்து தாண்டல தாண்டலைன்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சே. சரி, கூட்டாளியக் காப்பாத்தறான் போலிருக்குது, நாம எதுக்கு நடுவுல போறதுன்னு உட்டுட்டோம்."

"ராக்கையாவ நீங்க தொரத்தியிருக்க மாட்டீங்களா?"

சின்னான் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். "அவனையா? அவனைத் தொரத்திட்டா, நான் போட்ட நாப்பத்தேழு கோலையும் அப்பறம் எவன்டா எழுதி வெப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். கவுன்சிலரும் என்னவென்று தெரியாமல் சிரித்தார். அனுசுயா மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சின்னான் மேல் ஆத்திரம் வந்தது. ஜெயபாண்டி மேல் வந்தது. போட்டோவில் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தவன் மேல் அதைவிட வந்தது. ஊருக்கே தெரிந்த ஒரு விஷயத்தை நாங்கள் இரண்டு பேர் மட்டும் ரகசியம் என்று காப்பாற்றியிருக்கிறோம். அதற்காக இருபத்து நாலு அடி தூரத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறோம். அதில் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, நான் அந்தப் பக்கம் நடந்து போய் "சாப்பிட்டியா ராக்கையா?" என்று கேட்டிருந்தால் அவன் சிரித்திருப்பான். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். இதைக் கூட்டத்துக்குச் சொல்லத்தான் மறுபடி மைக்கைப் பிடித்தேன். சொல்ல முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.